முதல் நடையில் எட்டுப் பேர்

ஜனவரி 6, திங்கள்

பிரஷர் 150/94.

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். தினமும் பிரஷர் பார்த்துக் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். தாளில் குறித்தால் தொலைத்துவிடுவேன் என்று இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்த டைரியை எடுத்தேன். ஒரு வரி குறித்துவிட்டு மீதிப் பக்கத்தைக் காலியாக விட மனம் வரவில்லை. இருபத்தாறு வருடமாக டிரிப் ஷீட்டில் கட்டம் கட்டமாக எழுதிய கை இது.

பெயர் சென்னியப்பன். வயது ஐம்பத்து நான்கு. டவுன் பஸ் கண்டக்டர். தொலைந்தால் கண்டெடுப்பவர் கொண்டுவந்து கொடுக்கட்டும் என்று இதையும் எழுதி வைக்கிறேன்.

என் தடம் 39. நல்லாக்காட்டிலிருந்து டவுன் பெரியாஸ்பத்திரி வரை பதினெட்டு கிலோமீட்டர். முதல் நடை, அதாவது முதல் டிரிப், காலை 4.40. வண்டி ராத்திரி எங்கள் ஊர்க் கடைசியிலேயே நிற்கும். டிரைவர் சாதிக் அதிலேயே படுத்துக்கொள்வான். என் வீடு இரண்டு தெரு தள்ளி. போய்க் கண்ணாடியைத் தட்டினால் எழுந்துவிடுவான்.

முதல் நடையில் ஏறுகிறவர்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். ஆண்கள் எட்டுப் பேர். வாட்ச்மேன்கள், பூ வியாபாரிகள். பெண்கள் முப்பத்திரண்டு பேர். ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைப்பவர்கள், பூ மார்க்கெட்டில் மாலை கட்டுபவர்கள், அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர்கள், ஹோட்டலில் மாவு ஆட்டுபவர்கள். ஊரே எழுந்திருக்கும்போது அங்கே தரை துடைத்து, மாவு அரைத்து, பூ கட்டி எல்லாம் தயாராக இருக்கிறதே, அதையெல்லாம் செய்து வைப்பது என் வண்டி ஆட்கள்தான்.

ஆண்களிடம் காசு வாங்கி டிக்கெட் போட்டு முடிப்பதற்குள் பெண்கள் பக்கம் முழுக்கத் தூங்கிவிடும். நான்காவது சீட்டு ஜன்னலோரத்தில் மரகதம். பெரியாஸ்பத்திரியில் துப்புரவு வேலை. ஏறியவுடன் கம்பியில் தலையைச் சாய்த்தால் ஆஸ்பத்திரி வாசலில்தான் கண்ணைத் திறப்பாள். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனாலும் சைபர் போட்ட ஒரு சீட்டை ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மெஷின் வேறு ஒவ்வொரு சீட்டுக்கும் கீச்சென்று கத்தும். ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் கழுவிப் படுத்து மூன்றரைக்கு எழுந்து வருகிறவளை, ஒரு சைபருக்காக எழுப்புகிற பாவம் எனக்கு வேண்டாம். இந்த நடைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. ஒருநாள்கூட எழுப்பியதில்லை. அந்த நேரத்தில் செக்கிங்குக்கும் யாரும் வருவதில்லை. அவர்களுக்கும் தூக்கம்தானே.

ஜனவரி 7, செவ்வாய்

148/92. உப்பைக் குறைத்தாயிற்று. ரசம் வெந்நீர் மாதிரி இருக்கிறது.

ஜனவரி 10, வெள்ளி

152/94.

வண்டி திரும்புகிற இடத்தில் இன்றைக்கும் மூன்று கார்கள். புதிதாக வந்த அடுக்குமாடிக்காரர்களுடையவை. உள்ளே நிறுத்த இடம் இருந்தும் வெளியே நிழலில் விடுகிறார்கள். நான் இறங்கி விசில் ஊத, சாதிக் நான்கு முறை முன்னும் பின்னும் அசைத்துத் திருப்பினான். ஒரு வீட்டு ஜன்னல் திறந்தது. "ஏங்க, காலங்காத்தால விசில் ஊதி மனுசனத் தூங்க விடமாட்டீங்களா?" என்றார் ஒருவர். காரைக் கொஞ்சம் தள்ளி விடுங்கள் என்றேன். ஜன்னல் மூடிக்கொண்டது.

எட்டு மணி நடையில் பார்க்கிறேன். ரோடு முழுக்கக் கார். ஒரு காருக்கு ஒரு ஆள். பக்கத்து சீட்டில் அவருடைய சாப்பாட்டுப் பை. அந்தப் பைக்கு இருக்கிற இடவசதி என் வண்டியில் தொங்கிக்கொண்டு வருகிற மனிதனுக்கு இல்லை. இதைச் சொன்னால் சாதிக் சிரிக்கிறான். எனக்குப் பிரஷர் ஏறுவது இதனால்தானாம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். எனக்கு டியூட்டி. ஆஸ்பத்திரிக்கும் பண்டிகை கிடையாது. மரகதம் ஒரு தூக்குப்போசியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள்.

"சுகரு இருக்குதுங்களாண்ணா?"

"பிரஷர் மட்டுந்தான் அம்மிணி. சக்கரைக்கு இன்னும் நேரம் வரல."

"அப்பச் சாப்புடுங்க. பாய்க்கும் குடுங்."

அவளுக்கு வீட்டுக்காரர் இல்லை. ஒரே மகள், நர்சிங் இரண்டாம் வருடம். மகள் படித்து முடிக்கும்வரை இந்த வேலையும் இந்த வண்டியும் இருந்தால் போதும் என்றாள். அதை ஒரு வேண்டுதல் மாதிரிச் சொன்னாள். சொல்லி முடித்ததும் தூங்கிவிட்டாள்.

ஜனவரி 20, திங்கள்

164/100.

கிளை மேலாளர் கூப்பிட்டார். இரண்டு விஷயம்.

ஒன்று, டிக்கெட் பரிசோதகர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் போகிறது. இருபத்தாறு வருடத்தில் ஒரு மெமோ இல்லாத கண்டக்டர் இந்த டிப்போவில் நான் ஒருவன்தான் என்றார். முழங்கால் வலியோடு நின்றுகொண்டே பதினெட்டுக் கிலோமீட்டர் போய் வருகிற எனக்கு அது பெரிய விஷயம். என் மனைவி வசந்தாமணி இதற்காகவே இரண்டு வருடமாகச் செவ்வாய்க்கிழமை விளக்குப் போடுகிறாள்.

இரண்டாவது, பிப்ரவரி பத்திலிருந்து 39இன் முதல் நடை கிடையாது. வண்டி பைபாஸில் கம்பெனிகள் பக்கம் போகிறது. எங்களுக்கு முதல் வண்டி இனிமேல் ஆறு மணிக்கு.

"ஏனுங்க சார்?" என்றேன்.

கம்ப்யூட்டரில் எடுத்த தாளைக் காட்டினார். "மூணு வருசக் கணக்கு. முதல் நடைல சராசரி எட்டுப் பேர். எட்டுப் பேருக்கு ஒரு வண்டிய ஓட்ட முடியுங்களா? இப்ப எல்லாத்து வீட்டுலயும் வண்டி வந்திருச்சு சென்னியப்பன். பஸ்ஸுக்கு யாரு வர்றா?"

எட்டு என்று அச்சடித்திருந்தது. இந்தக் கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் வந்து வண்டியில் ஏறிப் பார்த்திருக்க வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு கணக்குப் போட்டால் இப்படித்தான்.

சரிங்க சார் என்றேன்.

ஜனவரி 21, செவ்வாய்

166/100. தலைவலி.

ஜனவரி 22, புதன்

இன்றைக்கு எல்லோருக்கும் டிக்கெட் போட்டேன். தோளைத் தொட்டு எழுப்ப முடியாது, பெண்கள். கம்பியில் விசிலால் தட்டினேன். மெஷின் முப்பத்திரண்டு முறை கத்தியது. பூ கட்டுகிற பரிமளம் தூக்கத்தில் பையைத் திறந்து காசு தேடினாள். மரகதம் கண்ணைத் தேய்த்துக்கொண்டு சீட்டைப் பார்த்தாள்.

"என்னங்ண்ணா, இன்னைக்குப் புதுசா?"

"மேல இருந்து உத்தரவு அம்மிணி."

"அதுக்கென்னுங். வேலைன்னா செய்யோணுமில்ல," என்று சீட்டைச் சுருட்டிக் கம்மல் ஓட்டையில் செருகுவதுபோல் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சிரித்துவிட்டு ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

முதல் நடை: நாற்பது பேர்.

ஜனவரி 29, புதன்

168/102.

ஒரு வாரம் நாற்பது, நாற்பது, முப்பத்தொன்பது என்று ஏற்றிக் கொடுத்தேன். இதைப் பார்த்தால் மனதை மாற்றிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். மேலாளர் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை கதவைச் சாத்தச் சொன்னார்.

தாளில் ஒரு கோடு தரையோடு படுத்துக்கிடந்தது. கடைசியில் மட்டும் செங்குத்தாக எழுந்து நின்றது.

"மூணு வருசமா எட்டு. நடை நிக்குதுன்னு சொன்ன ரெண்டாம் நாளே நாப்பது. முப்பத்திரண்டு பொம்பளைங்க ஒரே ராத்திரில எங்கிருந்து வந்தாங்க?"

"வர்றாங்க சார்."

"சைபர் டிக்கெட்டுதான, பட்டன அழுத்துனா வந்துட்டே இருக்கும். உங்க ஊர் வண்டிங்கற பாசம் எனக்குப் புரியுது. ஆனா இது போலி டிக்கெட்னு மேல போச்சுன்னா பட்டியல்ல இருந்து உங்க பேர் போயிரும். இத நான் பாக்கல. நீங்களும் இதோட விட்டுருங்க."

நல்ல மனிதர். என் நன்மைக்குத்தான் சொன்னார். முப்பத்திரண்டு பேரும் நிஜமானவர்கள், முதலில் சொன்ன எட்டுதான் பொய் என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்காது. சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். வெளியே வந்து டீ குடித்தேன். டீ ஆறியிருந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

சாதிக்கும் நானும் ஒன்பது வருடமாக ஒரே வண்டி. இன்றைக்குக் கோயில் தேர் நிறுத்துகிற தேர்முட்டிப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அவன் வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை.

"சென்னி, முதல் நடைல எட்டுப் பேர்தான்னு எழுதியிருக்காங்களாமே."

"ஆமா."

"வண்டி நெறஞ்சு வருதா காலியா வருதான்னு எனக்கு பிரேக்குலயே தெரியும். கொளத்துமேட்டு எறக்கத்துல நாப்பது பேரு வெயிட்டு காலுக்குத் தெரியும். எட்டுன்னு யாரு சொன்னா?"

"மெஷின் சொல்லுது."

"மெஷின் யாரு கைல இருக்குது?"

நான் டீக்காசைக் கொடுத்தேன். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. எழுந்து போகும்போது, "நான் டிரைவர். நான் சொன்னா எடுபடாது. நீ சொல்லணும்," என்றான். எனக்குக் கோபம் வந்தது. அவனுக்கு முழங்கால் வலி கிடையாது, பதவி உயர்வும் கிடையாது, சொல்வது சுலபம் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

172/104.

கடைசி நாள். நோட்டீஸ் ஒட்டியதிலிருந்து ஒருவரும் தூங்கவில்லை. மரகதம் ஒரு மனு எழுதி வைத்திருந்தாள். மகள் எழுதிக் கொடுத்தது. முப்பத்திரண்டு கையெழுத்தும் கைநாட்டும்.

"நாங்க சொன்னா நம்பமாட்டாங்களாமுங்க. எட்டுப் பேருதான் வர்றம்னு எழுதி வெச்சிருக்காங்களாம். வண்டில எத்தனை பேரு வர்றம்னு உங்களுக்குத்தானுங்கண்ணா தெரியும். அடில நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா நம்புவாங்க."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கண்ணாடி வழியாகச் சாதிக்கும் பார்த்தான்.

"நான் வேலைல இருக்கறவன் அம்மிணி. நாங்க மனுவுல எல்லாம் கையெழுத்துப் போடக் கூடாது."

"அப்படிங்களா. அது தெரியாமக் கேட்டுட்டனுங்க," என்று மடித்து வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது எப்போதும்போல் "வாரனுங்ண்ணா" என்றாள்.

பிப்ரவரி 10, திங்கள்

இனி ஐந்து மணிவரை தூங்கலாம். டாக்டர்கூடத் தூக்கம் வேண்டும் என்றுதான் சொன்னார்.

நாலு மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிட்டது. வாசலில் செருப்புச் சத்தம். பைபாஸில் வெளியூர் வண்டி நிற்கும், அதைப் பிடிக்கப் போகிறார்கள். இரண்டரைக் கிலோமீட்டர். பேச்சே இல்லாமல் நடந்து போனார்கள். வசந்தாமணியும் விழித்துத்தான் கிடந்தாள்.

பிப்ரவரி 15, சனி

168/100.

விசாரித்ததில் தெரிந்தது: அடுக்குமாடி வேலைக்காரப் பெண்கள் இரண்டு பேரை நேரத்துக்கு வரவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். மூன்று பேரை மகன்கள் பைக்கில் கொண்டுபோய் விடுகிறார்கள். இரண்டு வீட்டில் அதற்காகவே புது பைக் எடுத்தார்களாம். வாட்ச்மேன்களும் ஆளுக்கொரு மொபெட் பார்த்துக்கொண்டார்கள். எல்லாத்து வீட்டிலும் வண்டி வந்துவிட்டது என்று மேலாளர் சொன்னார். இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறது.

வண்டி திரும்பும் இடத்தில் கார்கள் ஐந்தாகிவிட்டன.

பிப்ரவரி 18, செவ்வாய்

174/106.

பட்டியல் வந்துவிட்டது. மூன்றாவது பெயர். வசந்தாமணி கேசரி கிண்டினாள். சாப்பிட முடியவில்லை. பிரஷர் மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று சொன்னேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

பைபாஸில் ரோட்டைக் கடக்கும்போது மரகதத்தைக் கார் அடித்துவிட்டது. காலை 4.25.

பிப்ரவரி 22, சனி

போய்ப் பார்த்தேன். அவள் தினமும் துடைக்கிற அதே வார்டில் கிடத்தியிருக்கிறார்கள். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்து, தொடையெலும்பில் கம்பி வைத்திருக்கிறது. கார் ஓட்டியவர் ஏர்போர்ட்டுக்கு அவசரமாகப் போனவராம். ஓடிப்போகவில்லை, அவரே தூக்கிவந்து சேர்த்திருக்கிறார். இருட்டில் ஆள் தெரியவில்லை என்று அழுதாராம்.

மரகதத்துக்கு மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. என்னைப் பார்த்ததும், "ஆஸ்பத்திரி வந்திருச்சுங்களாண்ணா?" என்று கேட்டாள். வந்துவிட்டது அம்மிணி என்றேன். படியில் இறங்கும்போது முழங்கால் வலிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

பிரஷர் பார்க்கவில்லை.

இந்த டைரியை ஆரம்பத்திலிருந்து படித்தேன். கம்ப்யூட்டர்காரர்களைத் திட்டியிருக்கிறேன், கார்க்காரர்களைத் திட்டியிருக்கிறேன், சாதிக்கைக்கூடத் திட்டியிருக்கிறேன். எட்டு என்று எழுதியவன் நான். முப்பத்திரண்டு பேரை மூன்று வருடம் தினமும் ஏற்றி, தினமும் இறக்கி, ஒருநாளும் வராதவர்களாக ஆக்கினேன். பெரிய தர்மவான் என்று நினைத்துக்கொண்டு செய்தேன். தெரிந்த பிறகும் ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. அது தர்மத்துக்காக இல்லை, பதவிக்காக. எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

காலையில் உட்கார்ந்து கிளை மேலாளருக்கு வாக்குமூலம் எழுதினேன். வசந்தாமணி பின்னால் நின்று படித்தாள் என்பது அவள் மூச்சு விட்டபோதுதான் தெரிந்தது.

"பட்டியல்ல பேரு?"

"போயிரும்."

"வேலை?"

"சஸ்பெண்ட் பண்ணுவாங்க. அப்புறம் விசாரணை. என்ன பண்ணுவாங்கன்னு தெரியல."

உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் பாத்திரங்கள் கொஞ்ச நேரம் சத்தமாக உருண்டன. திரும்பி வந்து தாளை எடுத்து மறுபடி படித்தாள்.

"இதென்னுங்க, 'சில நாட்களில் சீட்டு வழங்கத் தவறிவிட்டேன்'னு எழுதியிருக்கறீங்க?"

"அப்படித்தான் எழுதுவாங்க."

"சில நாளா?"

"இல்லை."

"அப்ப எல்லா நாளும்னு எழுதுங்க. சில நாளுன்னா அந்தக் கணக்கு மறுக்காவும் எட்டுலதான் வந்து நிக்கும். எழுதறதுன்னா ஒழுங்கா எழுதுங்க. இல்லாட்டி கிழிச்சுப் போட்டுட்டுப் போயி பரிசோதகர் ஆகுங்க."

கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது.

பிப்ரவரி 25, செவ்வாய்

மேலாளர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இத நான் வாங்கிட்டா உங்கமேல நடவடிக்கை எடுத்தே ஆகணும்."

"எடுங்க சார்."

"ஏன் எழுப்பல?"

"தூங்கிட்டிருந்தாங்க சார்."

மேலாளர் மேஜை டிராயரைத் திறந்தார். பிறகு அந்தக் கோடு போட்ட தாளைத் தேடி எடுத்தார். அதன்மேல் என் வாக்குமூலத்தை வைத்து ஊசி குத்தினார். "இந்த நாப்பதுக்கு இப்பத்தான் காரணம் வந்திருக்குது. மேல அனுப்பறேன். எதுவும் சத்தியம் பண்ணிக் குடுக்க முடியாது," என்றார். சாதிக்கும் சாட்சி எழுதிக் கொடுத்தான். பிரேக் விஷயத்தையும் எழுதியிருந்தான். மேலாளர் அதைப் படித்துவிட்டு அப்படியே இருக்கட்டும் என்றார்.

மார்ச் 3, திங்கள்

சஸ்பென்ஷன். டிக்கெட் மெஷினையும் பையையும் விசிலையும் ஒப்படைத்தேன். விசில் என் சொந்தக் காசில் வாங்கியது. அதையும் கொடுத்துவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது.

மார்ச் 12, புதன்

158/96.

மரகதம் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒற்றை அறை. கட்டிலை வாசலைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். மகள் காலேஜுக்குப் போகாமல் கூட இருக்கிறாள். பரீட்சை அடுத்த மாதமாம். அந்தப் பெண் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எழுப்பாதது, எட்டு என்று பதிவானது, தெரிந்தும் சொல்லாதது, மனுவில் கையெழுத்துப் போடக் கூடாது என்று பொய் சொன்னது.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தச் சீட்டு எதுக்குன்னே எங்களுக்குத் தெரியாதுங்களேண்ணா. ஓசிதான, ஒரு பேச்சுக்குக் குடுக்கறாங்கன்னு நெனச்சம். அதுலதான் நாங்க வர்றதே தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாங்களே கேட்டு வாங்கியிருப்பமுங்க."

"நீங்க தூங்கட்டும்னு..."

"நல்ல தூக்கந்தானுங்க. இல்லீன்னு சொல்லல." காலைத் தடவிக்கொண்டாள். "எழுப்பியிருக்கலாமுங்களேண்ணா."

அதற்குப் பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் வாங்கிப்போன ஆப்பிள் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலிமேல் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 20, வியாழன்

சாதிக் வந்து சொன்னான். திங்கட்கிழமையிலிருந்து முதல் நடை மறுபடி ஓடும். மூன்று மாதத்துக்குச் சோதனை ஓட்டம். சராசரி முப்பதுக்குக் கீழே போனால் நிரந்தரமாக நிறுத்திவிடுவார்கள். வேறு டிப்போவிலிருந்து தினகரன் என்று ஒரு கண்டக்டர் வருகிறார்.

சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம்தான். பைக்குக்கு மாறியவர்கள் திரும்பி வருவார்களா என்று இருவரும் விரல் விட்டு எண்ணினோம். முப்பது வருவது கஷ்டம்.

மார்ச் 24, திங்கள்

நாலேகாலுக்கே போய்விட்டேன். திரும்புகிற இடத்தில் ஒரே ஒரு கார்தான் நின்றது. முந்தின நாள் சாதிக் வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறான். ஜன்னலைச் சாத்தியவர்கூடக் காரை உள்ளே எடுத்து விட்டிருந்தார்.

நான் ஆண்கள் பக்கம் கடைசிக்கு முந்தின சீட்டில் உட்கார்ந்து காசு கொடுத்து டிக்கெட் வாங்கினேன். தினகரன் நாற்பது வயதுக்காரர், நான் யாரென்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் சில்லறை கொடுத்தார்.

பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தியும் தூங்கவில்லை. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். மரகதம் படுத்த இடத்திலிருந்தே ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள், சீட்டு வாங்காமல் கண்ணை மூடக் கூடாது என்று. மெஷின் கீச் கீச்சென்று கத்திக்கொண்டே பின்னால் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே பார்த்துக்கொண்டேன்.

நான்காவது சீட்டு ஜன்னலோரத்தில் யாரும் உட்காரவில்லை. அங்கே வந்தபோது பரிமளம் சொன்னாள், "கண்டக்டர் சார், மரகதத்துக்கும் ஒண்ணு போடுங்க. கால் சரியானா வரப்போறவதான. முப்பது வேணுமாமில்ல."

தினகரன் கை மெஷின்மேல் நின்றது. என்னைப் பார்த்தார். ஒரு பட்டன்தான். அவர் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"வராத ஆளுக்குப் போடக் கூடாது அம்மிணி," என்றேன்.

பரிமளம் என்னை முறைத்தாள். அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. அப்புறம் தன் சீட்டை வாங்கிக்கொண்டு தலையைச் சாய்த்தாள். கொளத்துமேட்டு இறக்கம் வருவதற்குள் பெண்கள் பக்கம் முழுக்கத் தூங்கிவிட்டது. சாதிக் பிரேக்கை வழக்கத்தைவிட மெதுவாக மிதித்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் தினகரன் கணக்கை எழுதினார். ஆண்கள் ஆறு, என்னையும் சேர்த்து. பெண்கள் இருபத்தாறு. மொத்தம் முப்பத்திரண்டு. சரிதானா என்று என்னிடம் காட்டினார். நான் எல்லோரையும் மனதுக்குள் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுச் சரி என்றேன்.

சாயங்காலம் மரகதத்தின் வீட்டுக்குப் போய்க் கணக்கைச் சொன்னேன். இந்த முறை உட்கார்ந்தேன். மகள் காலேஜுக்குப் போயிருந்தாள். மரகதம் யார் யார் வரவில்லை என்று பெயர் பெயராகக் கேட்டுக்கொண்டாள். பைக்கில் போகிற மூவரிடமும் தானே பேசுவதாகச் சொன்னாள். கால் ஊன்ற இன்னும் ஆறு மாதம் ஆகலாம் என்று டாக்டர் சொன்னதையும், சோதனை ஓட்டம் மூன்று மாதம்தான் என்பதையும் நான் மறைக்கவில்லை.

"அதுவரைக்கும் வண்டி ஓடுச்சுன்னா, நான் வர்றன்னிக்கு இருபத்தேழுங்களா?"

"ஆமா அம்மிணி."

மகள் வருகிறாளா என்று வாசலைப் பார்த்தாள்.

"அந்தக் கண்டக்டருகிட்ட இப்பவே சொல்லி வைங்கண்ணா," என்றாள். "பழக்கத்துல நான் தூங்கிட்டாலும் எழுப்பிக் குடுக்கச் சொல்லி."